சுற்றாடற் சட்டமும் நம் அங்கத்தவர் கடமையும்

2024 நவம்பர் 26ஆம் நாளை அம்பாறைக் கரையோர மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். நிந்தவூரில் ஓதிக்கொண்டிருந்த மத்ரசாச் சிறார்கள் சம்மாந்துறைப் பக்கத்துத் தம் இல்லங்களுக்குத் திரும்பும் வழியில், காரைதீவு மாவடிப்பள்ளியில், வெள்ளம் மூடிய வீதியைக் கடக்க முற்பட்ட உழவு இயந்திரத்தோடு அள்ளுண்டு போயினர். சிலர் உயிரோடு மீட்கப்பட்டனர். ஏனையோரை ஊரவரும் படையினரும் நீருள் தேடித் தேடிச் சடலங்களாகவே கரை சேர்த்தனர். சம்மாந்துறையில் எழுந்த ஓலம் காரைதீவிலும் கல்முனையிலும் கேட்டது. தமிழர் வீடு, முஸ்லிம் வீடு என்ற பேதம் அன்று எவர் மனத்திலும் இருக்கவில்லை.

அனுதாபச் செய்திகள் வந்தன. விசாரணைகளும் எழுந்தன. வண்டியை ஓட்டியது சரியா, பிள்ளைகளை அனுப்பியது சரியா என்றெல்லாம் ஆராயப்பட்டது. ஆராயப்பட வேண்டியதே. ஆனால் அந்த வீதியின் மேல் அந்த நாளில் அத்துணை நீர் ஏன் நின்றது, அது போக வேண்டிய வழியை அடைத்தது யார், அவ்வழியைக் காக்க வேண்டிய சட்டம் எங்கே போயிற்று என்ற கேள்விகள் மழை ஓய்ந்ததும் ஓய்ந்துவிட்டன. ஒவ்வொரு வெள்ளத்தின் பின்னும் நம் நாட்டில் நடப்பது இதுவே. நீர் வடிகின்றது; அதனோடு நினைவும் வடிகின்றது.

அக்கேள்விகளை இன்று மீண்டும் எழுப்ப வேண்டிய காரணம் உண்டு. காலநிலை மாற்றத்தை எதிர்கொள்வதற்கெனத் தனிச் சட்டமொன்று இயற்றப்படும் என்று கொழும்பு அரசாங்கங்கள் சொல்லி வருவது புதிதன்று. 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடற் சட்டத்தைக் காலத்துக்கேற்பத் திருத்த வேண்டும் என்ற பேச்சும் நெடுநாளாக நடைபெறுகின்றது. இத்தகைய மசோதாக்கள் சபைக்கு வரும்போது, திகாமடுல்ல மாவட்டத்து மக்கள் வாக்களித்து அனுப்பும் ஏழு அங்கத்தவரும் யாது செய்யப்போகின்றனர்? இருக்கையை வெறுமையாக விட்டுத் தேநீர்ச்சாலைக்குச் செல்லப்போகின்றனரா? அன்றி, தம் மாவட்டத்து மண்ணுக்கும் கடலுக்கும் வேண்டியதை அம்மசோதாவில் எழுதுவித்து, அதன் பின் அதற்கு ஆதரவாகக் கை உயர்த்தப்போகின்றனரா? இதற்கு விடை இப்போதே வேண்டும். மசோதா அச்சான பின் கேட்டுப் பயனில்லை.

காரைதீவைப் பாருங்கள். பெயரிலேயே தீவு உண்டு. கிழக்கே வங்காள விரிகுடா. மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வயல் வட்டைகள். இடையே ஒடுங்கிய மணற்றிடல். அத்திடலில்தான் நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை என்று ஊரோடு ஊர் ஒட்டி, வீட்டோடு வீடு முட்டி மக்கள் வாழ்கின்றனர். முன்னோர் பட்டிப்பளை ஆறு என்றழைத்த கல்லோயாவின் நீர் மலையடியிலிருந்து இறங்கி, வாய்க்கால்களாய்ப் பிரிந்து, வயல்களில் தேங்கி, களப்புகளிலும் தோணாக்களிலும் தங்கி, முகத்துவாரம் வெட்டப்படும்போது கடலை அடைகின்றது. நீருக்கு இங்கே தங்கவும் இடம் வேண்டும், போகவும் வாயில் வேண்டும். இரண்டையும் நம் கண்முன்னே நாமே சுருக்கி வருகின்றோம். சதுப்பு நிலத்தில் கிரவல் கொட்டப்படுகின்றது. வயலின் ஓரம் கடையாகின்றது. கடையின் பின்புறம் வீடாகின்றது. தோணா குப்பைமேடாகின்றது. வயற்காணியை அனுமதியின்றி நிரப்புதல் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி குற்றம் என்பதை நிரப்புபவரும் அறிவர். நிரப்புவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் உத்தியோகத்தரும் அறிவர்.

இடமின்றித் தவிக்கும் குடும்பம் ஒன்று அரைப் பர்ச்சஸ் சதுப்பை மூடி வீடு கட்டுவதை நாம் பெருங்குற்றமாகச் சொல்ல வரவில்லை. கடலுக்கும் வயலுக்கும் இடையே நெருக்குண்ட மக்களுக்குக் குடியிருக்க வேறு நிலம் காட்டாத அரசாங்கமே முதற் குற்றவாளி. ஆயினும் வெள்ளம் இந்த நியாயங்களைக் கேட்டு ஒதுங்குவதில்லை.

கிழக்குக் கரைக்குப் பேரிடர் புதிதன்று. 1957 டிசம்பர் வெள்ளத்தை முதியோர் இன்றும் சொல்வர். 1978 நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளி மட்டக்களப்பிலிருந்து தெற்கே இக்கரை முழுவதையும் மொட்டையாக்கிற்று. 2004 டிசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை இம்மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. இலங்கையின் மாவட்டங்களுள் மிகக் கூடிய இழப்பு அம்பாறைக்கே நேர்ந்தது. 2011இன் தொடக்கத்தில் பெய்த மழையில் கிழக்கின் பெரும்போக வேளாண்மை நீருக்குள் கிடந்து அழுகியது. 2024இல் நாம் மேலே சொன்ன துயரம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடு முழுவதையும் உலுக்கி, மலையகத்தில் மண்சரிந்து குடும்பம் குடும்பமாகப் புதையுண்ட கொடுமையோடு அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது.

ஆழிப்பேரலை பூமியதிர்ச்சியால் வந்தது. காலநிலையோடு அதற்குத் தொடர்பில்லை. அதையும் இதையும் ஒன்றாகக் குழப்புதல் தவறு. ஆனால் ஏனையவற்றின் போக்கு மாறிவருவதை விஞ்ஞானிகளுக்கு முன்னரே நம் வட்டை விதானைமார் கண்டுகொண்டனர். ஐப்பசியில் இறங்க வேண்டிய மழை பிந்துகின்றது. விதைத்த நெல் புழுதியிற் கிடந்து காத்திருக்கின்றது. பின்னர் ஒரு மாதத்து மழை ஒரு கிழமைக்குள் கொட்டி முளையை மூழ்கடிக்கின்றது. தப்பிய பயிர் கதிரீன்று தலை சாய்ந்த தை மாதத்தில் மீண்டும் மழை. வெப்பமேறிய கடலிலிருந்து கூடுதலான நீராவி எழுகின்றது. எழுந்தது ஒரேயடியாக விழுகின்றது. உலகக் கடல்மட்டம் 1901 முதல் 2018 வரை ஏறத்தாழ 20 சதமமீற்றர் உயர்ந்ததென்றும், அவ்வுயர்வின் வேகம் அண்மைக் காலத்தில் ஆண்டுக்கு 3.7 மில்லிமீற்றரை எட்டியதென்றும் ஐக்கிய நாடுகளின் காலநிலை அறிஞர் குழு கணக்கிட்டுள்ளது. ஆண்டுக்கு மூன்று, நான்கு மில்லிமீற்றர் என்றால் நகைக்கத் தோன்றும். கடலோரத்தில் கிணற்று நீர் உப்புக் கரிப்பதைக் கண்டவர் நகைக்கமாட்டார்.

இனி, சட்டமின்மையால், அல்லது இருந்த சட்டம் பல்லின்றிக் கிடந்தமையால், நாம் இழந்தவற்றுள் ஒன்றைச் சற்று விரிவாக நோக்குவோம். காரைதீவிலிருந்து தெற்கே சில கட்டை தூரம் சென்றால் ஒலுவில். அங்கே டென்மார்க் நாட்டுக் கடனுதவியோடு துறைமுகமொன்று கட்டப்பட்டு 2013 செப்டெம்பர் 1ஆம் நாள் ஆரவாரத்தோடு திறந்து வைக்கப்பட்டது. கப்பல்கள் வரும், வேலை வரும், கிழக்கு விடியும் என்றனர். கப்பல் வரவில்லை. மணல்தான் வந்தது.

இதன் விளக்கம் கடினமானதன்று. நமது கரையில் அலைகள் நேராக மோதுவதில்லை, சாய்வாக மோதுகின்றன. மோதும் ஒவ்வோர் அலையும் ஒரு பிடி மணலைக் கரையோரமாக நகர்த்துகின்றது. ஆண்டு முழுவதும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் அம்மணல் தெற்கிலிருந்து வடக்கே செல்கின்றது. ஆற்றில் நீர் ஓடுவதைப்போலக் கரையில் மணல் ஓடுகின்றது எனலாம். அவ்வோட்டத்தின் குறுக்கே கருங்கல்லால் அலைதாங்கிகளைக் கட்டினால் என்ன நிகழும்? தென்புறத்தில் மணல் தேங்கும். துறைமுக வாயிலில் திட்டாகும். வடபுறத்துக் கரைக்குச் சேர வேண்டிய மணல் சேராது. அங்கே கடல் நிலத்தைத் தின்னும். அப்படியே நிகழ்ந்தது. வர்த்தகத் துறைமுகமாக ஒலுவில் இயங்கவில்லை. மீன்பிடிப் படகுகளுக்கும் வாயில் அடைபட்டது. வடக்கே ஒலுவில் கரையில் தென்னைகள் வேரோடு சாய்ந்தன. கரைவலைக்காரரின் வாடிகள் போயின. வலை இழுக்கும் கரையே போயிற்று. நிந்தவூரையும் கடல் அரித்தது. ஓரிடத்தில் அரிப்பைத் தடுக்கக் கல்லணை போட்டால் அரிப்பு அக்கல்லணையின் வட முனைக்கு நகர்கின்றது. நிந்தவூருக்கு வடக்கே எந்த ஊர் இருக்கின்றது என்பதைக் காரைதீவு மக்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

கரைவலை இழுத்தவர் எவரையேனும் முன்கூட்டியே கேட்டிருந்தால் மணலின் போக்கை அவர் சொல்லியிருப்பார். கடல் தின்ற காணிக்குப் பதில் சொல்பவர் யார் என்பதை அம்மக்கள் பல வாயில்களிற் கேட்டுச் சலித்தனர். துறைமுகம் ஓர் அமைச்சு. மீன்பிடி மற்றோர் அமைச்சு. கரையோரம் வேறொரு திணைக்களம். காணி பிரதேச செயலகம். ஒவ்வொருவரும் அடுத்தவர் கதவைக் காட்டுவர். திட்டம் தொடங்கியவர் அதன் விளைவுக்கும் பொறுப்பாவர் என்று தெளிவாகச் சொல்லும் ஒரு வரி சட்டத்தில் இருந்து, அதை நிறைவேற்றும் நிதியும் முன்பே ஒதுக்கப்பட்டிருந்தால் இந்த அலைச்சல் நேர்ந்திராது.

நாட்டில் சட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. ஒருவகையில் சட்டம் மிகுதியாகவே உண்டு. 1980இன் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டம், 1988இல் திருத்தப்பட்டுப் பெருந்திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கிற்று. 1981இன் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம், உயர்நீர் எல்லையிலிருந்து நிலத்தின்பால் 300 மீற்றரையும் தாழ்நீர் எல்லையிலிருந்து கடலின்பால் 2 கிலோமீற்றரையும் கரையோர வலயம் என வகுத்தது. 2005இன் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் ஆழிப்பேரலையின் கண்ணீரிலிருந்து பிறந்தது. இவற்றுக்கெல்லாம் மேலாக அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரை, சுற்றாடலைப் பாதுகாத்துப் பேணி மேம்படுத்துவது அரசின் கடமை என்று கூறுகின்றது. 28ஆம் உறுப்புரை, இயற்கையைக் காப்பது ஒவ்வொருவரதும் கடமை என்கின்றது.

அழகான சொற்கள். ஆனால் அடுத்த உறுப்புரையைப் படியுங்கள். மேற்சொன்ன கடமைகளை எந்த நீதிமன்றத்திலும் உரிமையாகக் கோரி நிறைவேற்றுவிக்க முடியாது என்று 29ஆம் உறுப்புரை கையை விரித்துவிடுகின்றது! ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிப்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமா? எப்பாவலப் பொசுபேற்றுச் சுரங்கத் திட்டத்தால் தம் வயலும் குளமும் பறிபோகும் என்று அஞ்சிய விவசாயிகள் உயர் நீதிமன்றம் சென்றபோது, 2000ஆம் ஆண்டில் நீதியரசர்கள் அவர்கள் பக்கம் நின்றனர். நீதிமன்றம் அதைச் செய்தது, சமத்துவம், தொழில், வதிவிடம் ஆகியவற்றுக்கான அடிப்படை உரிமைகளின் வழியாக. ஆரோக்கியமான சுற்றாடல் வேண்டும் என்ற உரிமை நேராக எழுதப்பட்டிராமையால் சுற்றுவழியே செல்ல வேண்டியதாயிற்று. எப்பாவல மக்களுக்குக் கிடைத்த துணிவும் துணையும் எல்லா ஊராருக்கும் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியுமா? ஒலுவில் மீனவனுக்குக் கொழும்பு உயர் நீதிமன்றம் எத்தனை கட்டை தூரம்!

நம் விவசாய வாசகர் இவ்விடத்தில் குறுக்கிட்டுக் கேட்கும் கேள்வி நமக்குத் தெரியும். சுற்றாடற் சட்டம் என்றால் நம் வயலில் வன இலாகாவின் கல் நாட்டுவதுதானே என்பார். இந்த அச்சம் வீணன்று. வட்டமடுவில் வேளாண்மை செய்வோரும் மாடு மேய்ப்போரும் வன இலாகாவும் ஆண்டுக்கணக்காக இழுபட்டு நிற்பதை இம்மாவட்டம் அறியும். கொழும்பில் ஒரு வரைபடத்தின் மேல் பச்சை மை தடவினால் இங்கே பரம்பரையாக உழுதவன் அத்துமீறியவன் ஆகின்றான். அவனிடம் போய்ச் சுற்றாடல் என்று சொன்னால் அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வதில் வியப்பென்ன?

2021இல் நடந்தது அதனினும் கொடிது. அவ்வாண்டு மே மாதத்தில், ஒரே ஒரு வர்த்தமானி அறிவித்தலால், இரசாயன உர இறக்குமதிக்குத் தடை போடப்பட்டது. பாராளுமன்றத்தில் மசோதா இல்லை, விவாதம் இல்லை, விவசாயியைக் கேட்டவர் இல்லை, மாற்று உரம் ஆயத்தம் இல்லை. மண்ணைக் காப்பதற்கு என்றனர். அம்பாறையின் வயல்களில் அந்தப் பெரும்போகம் வெளிறி நின்றது. கமக்காரர் வீதிக்கு இறங்கினர். நவம்பரில் அரசாங்கம் பின்வாங்கிற்று. அதற்குள் விளைச்சல் நாடெங்கும் பெரிதும் வீழ்ந்துவிட்டது. மண்ணையும் காக்கவில்லை, மனிதரையும் காக்கவில்லை. சுற்றாடல் என்ற சொல்லின் மேலேயே விவசாயிக்கு வெறுப்பு உண்டாயிற்று. அது எல்லாவற்றிலும் பெரிய நட்டம் என்பது நம் கருத்து.

ஆகவேதான் சட்டம் வேண்டும் என்கின்றோம். வர்த்தமானியால் ஓரிரவில் ஆளும் பழக்கத்துக்கு மாற்று, சபையில் வைத்து, ஒவ்வொரு பிரிவையும் வாசித்து, பாதிக்கப்படுவோரைக் கேட்டு இயற்றப்படும் சட்டமே. விவசாயியின் அச்சத்தைக் காரணங்காட்டி மசோதாவை எதிர்க்கும் அங்கத்தவர் விவசாயிக்கு நன்மை செய்பவர் அல்லர். அவ்வச்சத்தைத் தீர்க்கும் பிரிவை மசோதாவிற் சேர்ப்பவரே நன்மை செய்பவர். பரம்பரை வயலுக்கும் மேய்ச்சற்றரைக்கும் எல்லையிடும் முன் அவ்வூர்க் கமக்கார அமைப்புகளோடு கலந்து பேசுதல் கட்டாயம் என்று சட்டமே சொல்லட்டும். மழையால் அழிந்த பயிருக்கான காப்புறுதி, கெஞ்சிப் பெறும் நிவாரணமாக இன்றிக் குறித்த தவணைக்குள் கொடுபடும் கடனாகச் சட்டத்தில் நிற்கட்டும். உப்பையும் மூழ்கலையும் தாங்கும் நெல்லினங்களைக் கிழக்கின் மண்ணுக்கென ஆராய்ந்து வழங்கும் கடமை எந்த நிறுவனத்துடையது என்பதும் எழுதப்படட்டும். சேனாநாயக்க சமுத்திரத்தின் வான்கதவுகளைத் திறக்குமுன் கீழ்ப்பகுதி ஊர்களுக்கு எத்தனை மணி நேரத்துக்கு முன், எந்த மொழியில், எவர் அறிவிக்க வேண்டும் என்பதும் அவ்வாறே.

மொழியென்றதும் ஒன்று நினைவுக்கு வருகின்றது. சுற்றாடல் தாக்க அறிக்கை ஒன்று வெளியானால் அதைப் பார்த்துக் கருத்துச் சொல்லப் பொதுமக்களுக்கு 30 நாட்கள் தரப்படுகின்றன. நூற்றுக்கணக்கான பக்கங்களில், விளங்காத மொழியில், எங்கோ ஓர் அலுவலகத்து மேசையில் கிடக்கும் அறிக்கையைக் காரைதீவு மீனவன் 30 நாளில் அல்ல, 300 நாளில் தானும் படித்து முடிப்பானா? விஞ்ஞானத்தைத் தமிழிற் சொல்ல முடியாது என்ற சாக்குப்போக்கை இந்த ஊரில் எவரும் சொல்லத் துணியக்கூடாது. விஞ்ஞானப் பட்டதாரியாய், விஞ்ஞான ஆசிரியராய் வாழ்க்கையைத் தொடங்கி, 1936இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகள் பிறந்த ஊர் இது. தமிழ் பேசும் பிரதேசத்தைப் பாதிக்கும் எந்தத் திட்டத்தின் முழு அறிக்கையும் தமிழில் அப்பிரதேச செயலகத்தில் வைக்கப்பட்ட பின்னரே 30 நாள் எண்ணத் தொடங்க வேண்டும் என்று ஒரு பிரிவு சேர்ப்பதற்கு எவ்வளவு மை செலவாகும்?

மாகாணத்தின் பங்கையும் சொல்லியாக வேண்டும். 1987இன் 13ஆம் திருத்தம் சுற்றாடற் பாதுகாப்பில் மாகாண சபைக்கும் இடம் அளித்தது. அவ்விடத்தைப் பயன்படுத்தி வடமேல் மாகாண சபை 1990இலேயே தனக்கெனச் சுற்றாடல் நியதிச்சட்டம் ஒன்றை இயற்றித் தனி அதிகாரசபையையும் நிறுவிக்கொண்டது. குருநாகலிலும் புத்தளத்திலும் இயன்ற ஒன்று மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் திருகோணமலையிலும் ஏன் இயலவில்லை? கிழக்கு மாகாண சபைக்கு 2008இல் முதல் தேர்தல் நடந்தது. இரு சபைகள் இருந்தன. 2017 செப்டெம்பர் 30இல் இரண்டாவது சபையின் ஆயுள் முடிந்தது. அதன் பின் தேர்தல் நடத்தப்படாமலே எட்டு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. அதிகாரம் வேண்டும் என்று நாம் முழங்கியது மெய். கையிலிருந்த காலத்தில் நம் மண்ணையும் நீரையும் காக்கும் நியதிச்சட்டத்தை இயற்றாது விட்டதும் மெய். இதை ஒத்துக்கொள்ளக் கூச்சப்பட்டுப் பயனில்லை. வடமேல் மாகாணத்தின் நியதிச்சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டு கிழக்குக்கான நகலை நம் சட்டத்தரணிகள் ஆயத்தமாக வைத்திருப்பார்களாயின், சபை கூடும் முதல் மாதத்திலேயே அதை முன்வைக்கலாம்.

மக்கள் நெருக்கினால் சட்டசபை அசையும் என்பதற்குத் தமிழ்நாடு சான்று. காவிரிப் படுகையில் எரிவாயுத் திட்டங்களுக்கு எதிராக உழவர் ஆண்டுக்கணக்காகப் போராடினர். 2020 பெப்ரவரியில் தமிழ்நாட்டுச் சட்டசபை அப்படுகையைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக்கும் சட்டத்தை நிறைவேற்றிற்று. ஏற்கெனவே நடைபெற்று வந்த திட்டங்களை அது தொடவில்லை; அக்குறை பெருங்குறையே. எனினும் வயலைக் காப்பது உழவனின் கூக்குரலாக மட்டும் இருந்த நிலை மாறி நாட்டின் சட்டமாயிற்று.

இலங்கை உலகின் புகையில் ஒரு துளியையே கக்குகின்றது. பணக்கார நாடுகள் செய்த தீங்குக்கு நாம் ஏன் சட்டம் இயற்ற வேண்டும் என்று கேட்கும் கல்விமான்களும் நம்மிடை உண்டு. தீங்கு செய்தவர் அவர் என்பதில் நமக்கு மாறுபாடில்லை. பசிபிக் கடலின் சிறு தீவு நாடான வனுவாத்து முன்னின்று முயன்றதன் பயனாக, 2025 ஜூலை 23இல் சர்வதேச நீதிமன்றம் காலநிலைக்குத் தீங்கு நேராவண்ணம் காக்கும் கடமை நாடுகளுக்குச் சட்டப்படி உண்டென்று கருத்துரைத்தது. அக்கருத்தைக் காட்டி நட்டஈடு கேட்கப் போகும் நாடு, தன் வீட்டில் ஒரு சட்டமும் இன்றி, தன் கரையைத் தானே குப்பையாலும் கருங்கல்லாலும் கெடுத்துக்கொண்டு போனால் எந்த முகத்தோடு கேட்பது? 2016இல் பாரிஸ் உடன்படிக்கையை ஏற்ற நாடு இது. ஒப்பமிட்ட கை இன்னும் சட்டம் எழுதவில்லை.

குப்பை என்றது வெறும் பேச்சுக்காக அன்று. நம் கரையோர ஊர்களின் குப்பை எங்கே போகின்றதென்று அறிய விரும்புவோர் பள்ளக்காட்டுக்குச் சென்று பார்க்கலாம். அங்கே பிளாஸ்டிக்கைத் தின்று எட்டாண்டுகளில் ஏறத்தாழ இருபது யானைகள் மாண்டன என்ற செய்தி 2022 ஜனவரியில் உலகப் பத்திரிகைகளில் வந்தது. நம் ஊர்ப் பெயர் உலகறியும் விதம் இதுவா? உணவு தேடிக் குப்பைக்கு வந்த யானை பின்னர் வயலுக்கும் வருகின்றது. அதன் பின் யானையும் சாகின்றது, விவசாயியும் சாகின்றான்.

கல்முனையில் எல்லை எங்கே போடுவது, செயலகம் யாருக்கு என்ற பிணக்கு ஆண்டுகள் பலவாக நடைபெறுகின்றது. அதன் நியாய அநியாயங்களுக்குள் இன்று நாம் நுழையவில்லை. அதற்கெனத் தமிழ் அங்கத்தவரும் முஸ்லிம் அங்கத்தவரும் செலவிட்ட குரலில் பத்திலொன்றைத் தானும் ஒலுவில் தொட்டுப் பெரியநீலாவணை வரையுள்ள கரைக்குச் செலவிட்டிருந்தால், அந்தக் கரை இன்று இந்நிலையில் இராது என்று மட்டும் சொல்கின்றோம். கடற்கரை மணலில் படரும் அடம்பன் கொடியைப் பற்றி நம்மவரிடையே பழமொழி ஒன்றுண்டு. திரண்டால் அதற்கும் மிடுக்குண்டாம். மேடைக்கு மேடை ஒற்றுமைக்கு எடுத்துக்காட்டாய் அதைச் சொல்லிக் கைதட்டுப் பெறும் நம் தலைவர்கள், அக்கொடி உண்மையில் செய்யும் வேலை மணலைப் பிடித்துக் கரையைக் காப்பது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. கொடியும் இராவணன் மீசையும் தாழையும் அகற்றப்பட்ட இடத்தில்தான் கடல் முதலில் ஏறுகின்றது.

225 பேர் கொண்ட சபையில் ஏழு பேர் என்ன செய்ய முடியும் என்று சலித்துக்கொள்வோருக்கு ஒரு சொல். காலியிலும் களுத்துறையிலும் கடல் அரிக்கின்றது. புத்தளத்திலும் மன்னாரிலும் முல்லைத்தீவிலும் மீனவர் இதே குறையைச் சொல்கின்றனர். மண்சரிவின் கீழ்ப் புதையுண்ட மலையகத் தோட்டத் தொழிலாளி நம்மவன். கிழக்கின் ஏழு பேரும் கட்சி பேதம் விட்டு ஒரே திருத்தங்களை முன்வைத்தால் அவற்றுக்குத் துணை நிற்க வேண்டிய கரங்கள் எல்லா மாகாணத்திலும் உள. ஆளுங்கட்சியில் அமர்ந்திருப்போர் கட்சிக் கட்டுப்பாட்டைக் காரணங்காட்ட வேண்டியதில்லை. மசோதா எழுதப்படும் அறைக்குள் செல்லும் வாய்ப்பு அவர்களுக்கே கூடுதலாக உண்டு. எதிர்க்கட்சியினர் அரசாங்கம் கொண்டுவருவது என்ற ஒரே காரணத்துக்காக எதிர்ப்பதையும் இவ்விடயத்தில் விட்டொழிப்பார்களாக.

அங்கத்தவரை அசைப்பது மக்கள் வேலை. நம் பொறியியலாளர்கள் ஒலுவில் முதல் கல்முனை வரையுள்ள கரையின் நிலையையும், காரைதீவு, மாவடிப்பள்ளி, சம்மாந்துறை வழியே நீர் வடியும் பாதைகளையும், அவற்றுள் அடைபட்டவற்றையும் ஒரு படத்தில் வரைந்து தரலாம். சட்டத்தரணிகள் நாம் மேலே குறித்த திருத்தங்களை மசோதா மொழியில் எழுதித் தரலாம். வைத்தியர்கள், ஒவ்வொரு வெள்ளத்தின் பின்னும் வரும் எலிக்காய்ச்சலையும் டெங்குவையும் பற்றிப் பேசட்டும். கமக்கார அமைப்புகளும் மீனவர் சங்கங்களும், பள்ளிவாயில் பரிபாலன சபைகளும் கோயில் தர்மகர்த்தாக்களும் ஒரே வாசகத்தில் தீர்மானம் நிறைவேற்றி ஏழு பேருக்கும் அனுப்பட்டும். பிரதேச சபைகள் அத்தீர்மானத்தைத் தம் கூட்ட அறிக்கையிற் பதியட்டும்.

அடுத்த வடகீழ்ப் பருவமழை இறங்கும் முன்னர், ஏழு அங்கத்தவரும் ஒரே மேடையில் அமர்ந்து, எந்தப் பிரிவை ஆதரிப்போம், எதைத் திருத்தக் கேட்போம் என்று மக்களுக்குத் தெளிவாகக் கூறும் கூட்டமொன்றுக்கு நாள் குறிக்குமாறு கேட்கின்றோம். கூட்டம் மாவடிப்பள்ளியிலேயே நடக்கட்டும். அவர்கள் வரும் வழி அந்த வீதிதான்.